சீரியல் போர்ட்டில் பில் அச்சுப்பொறியை இணைத்தல்: முதன்முறை செய்பவருக்கு ஒரு விளக்கம்

யூஎஸ்பி கேபிளைச் செருகி அச்சுப்பொறியைப் பயன்படுத்திப் பழகியவருக்கு, சீரியல் போர்ட் உள்ள அச்சுப்பொறி முதல் நாளில் பெரும் குழப்பத்தைத் தரும். கேபிளை இரு முனைகளிலும் திருகி முடுக்கிய பிறகும் கணினித் திரையில் எந்த அறிவிப்பும் தோன்றாது. அச்சிடச் சொன்னால் காகிதம் அசையாமல் இருக்கும். அல்லது யாராலும் படிக்க முடியாத குறிகள் வரிசையாக வந்து விழும். இதைக் கண்டு அச்சுப்பொறி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து, நல்ல நிலையில் இருந்ததை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கிய கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான நேரங்களில் அங்கே பழுது எதுவும் இருப்பதில்லை. கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் நாம் சொல்லி வைத்திருக்க வேண்டிய நான்கைந்து விவரங்களில் ஏதோ ஒன்று பொருந்தாமல் போயிருக்கும்.

யூஎஸ்பி சாதனம், செருகப்பட்டவுடன் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண், தன் மாதிரியின் எண், தான் எந்த வகையைச் சேர்ந்தது என்ற விவரம் ஆகியவற்றைக் கணினிக்குத் தெரிவித்துவிடுகிறது. சீரியல் இணைப்பில் இந்த அறிமுகம் கிடையாது. மறுமுனையில் இருப்பது அச்சுப்பொறியா, எடைக்கருவியா, அல்லது கேபிள் எதிலும் செருகப்படாமல் தொங்குகிறதா என்பதைக்கூடக் கணினி அறியாது. தனக்குச் சொல்லப்பட்ட வேகத்தில், சொல்லப்பட்ட வடிவத்தில், அது கம்பியின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதே வேகத்தையும் அதே வடிவத்தையும் எதிர்பார்த்து அச்சுப்பொறி காத்திருந்தால் மட்டுமே அந்த மாற்றங்கள் எழுத்துகளாகும். ஆகவே சீரியல் இணைப்பை அமைப்பது என்பது, ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ள இயலாத இரண்டு கருவிகளுக்கும் ஒரே விவரத்தை நாமே தனித்தனியாகச் சொல்லி வைப்பதுதான்.

இக்கட்டுரையில், கடைகளில் பில் போடப் பயன்படும் 80 மில்லிமீட்டர் தெர்மல் அச்சுப்பொறி ஒன்றை விண்டோஸ் கணினியுடன் இணைப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எடைமேடைகளிலும் ஆய்வகக் கருவிகளிலும் உள்ள டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளுக்கும் இதே விதிகள்தான் பொருந்தும்.

ஒரு கம்பியில் ஓர் எழுத்து போகும் விதம்

இந்த இணைப்பின் மின்சார விதிகளை வகுத்த தரநிலைக்கு ஆர்எஸ்-232 என்று பெயர். 1960-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட இத்தரநிலை, 1969-இல் ஆர்எஸ்-232-சி என்ற வடிவத்தைப் பெற்றுப் பரவலானது. தட்டச்சு முனையங்களை மோடத்துடன் இணைப்பதற்காக அது உருவானது. அச்சுப்பொறிகள் பின்னரே அதைக் கைக்கொண்டன. இந்தப் பூர்வகதையைக் கேபிள் பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஆர்எஸ்-232 கம்பியில் 1 என்ற பிட், எதிர் மின்னழுத்தமாக, அதாவது −3 வோல்ட்டுக்கும் −15 வோல்ட்டுக்கும் இடைப்பட்டதாகச் செல்கிறது. 0 என்ற பிட் +3 முதல் +15 வோல்ட் வரையிலான நேர் மின்னழுத்தமாகச் செல்கிறது. −3-க்கும் +3-க்கும் இடைப்பட்ட பகுதிக்குப் பொருள் எதுவும் இல்லை. எதுவும் அனுப்பப்படாத நேரத்தில் கம்பி 1 என்ற நிலையிலேயே, அதாவது எதிர் மின்னழுத்தத்திலேயே நிற்கும். இந்தச் சிறிய விவரம் பிற்பாடு மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும்போது மிகவும் உதவும்.

இப்போது கணினி ‘ஏ’ என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை அனுப்புவதாகக் கொள்வோம். அதன் எண் 65. இரும எண்ணில் 01000001. கணினி முதலில் கம்பியை ஒரு பிட் நேரத்துக்கு 0 நிலைக்குக் கொண்டுவருகிறது. இது ஸ்டார்ட் பிட். ‘எழுத்து ஒன்று வருகிறது’ என்று அச்சுப்பொறிக்குத் தரப்படும் ஒரே முன்னறிவிப்பு இதுதான். அதன் பின்னர் எட்டு பிட்களும், வலக்கோடியில் உள்ளதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் செல்கின்றன. இறுதியில் கம்பி மீண்டும் 1 நிலைக்குத் திரும்பி, குறைந்தது ஒரு பிட் நேரம் அங்கே நிற்கிறது. இது ஸ்டாப் பிட். ஆக, எட்டு பிட் கொண்ட ஓர் எழுத்தை அனுப்பக் கம்பியில் பத்து பிட் நேரம் செலவாகிறது.

இரு கருவிகளுக்கும் பொதுவான கடிகாரக் கம்பி எதுவும் இல்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. ஸ்டார்ட் பிட் தொடங்கும் கணத்தைப் பிடித்துக்கொண்டு, அச்சுப்பொறி தன் சொந்தக் கடிகாரத்தைக் கொண்டு ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதி எப்போது வரும் என்று கணக்கிட்டு, அந்தந்த நேரத்தில் கம்பியைப் பார்த்து 0 அல்லது 1 என்று குறித்துக்கொள்கிறது. நொடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டின் நேரம் சுமார் 104 மைக்ரோநொடி. இரு கடிகாரங்களுக்கும் இடையே நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடு இருந்தாலும் குறையில்லை. ஏனெனில் ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்திலும் ஸ்டார்ட் பிட் கணக்கைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது. வேறுபாடு நூற்றில் ஐந்தை நெருங்கினால், பத்தாவது பிட்டை எட்டும்போது அரை பிட் தள்ளிப் பார்க்க நேர்ந்து எல்லாம் குலைந்துவிடும்.

இந்த வேகத்தைத்தான் பாட் ரேட் என்கிறோம்; பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த சொல் அது. 9600, 19200, 38400, 115200 என்று இந்த எண்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற ஐயம் பலருக்கும் எழும். 1981-இல் வந்த ஐபிஎம் தனிநபர் கணினியின் சீரியல் அட்டையில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. அதை 16-ஆல் வகுத்தால் 115200 வரும். அதை மீண்டும் 12-ஆல் வகுத்தால் 9600 வரும். மற்ற வேகங்களும் இப்படி முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பவையே.

விவரங்கள் பொருந்தாவிட்டால் என்ன தெரியும்

வேகத்தை அடுத்துச் சொல்ல வேண்டியவை மூன்று: ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டா எட்டு பிட்டா என்பது டேட்டா பிட், பிழையைக் கண்டுபிடிக்கக் கூடுதலாக ஒரு பிட் சேர்க்கப்படுகிறதா என்பது பாரிட்டி, எழுத்தின் முடிவில் எத்தனை பிட் நேரம் ஓய்வு என்பது ஸ்டாப் பிட். இரட்டைப்படைப் பாரிட்டி என்றால், எழுத்தில் உள்ள 1-களின் எண்ணிக்கையும் பாரிட்டி பிட்டும் சேர்ந்து இரட்டைப்படையாக வருமாறு அந்தப் பிட் அமைக்கப்படும். ஒற்றைப்படைப் பாரிட்டி அதற்கு நேர்மாறு. இன்று பெரும்பாலும் எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்ற அமைப்பே வழக்கம். தயங்கும் இடத்தில் முதலில் அதையே முயன்று பார்க்கலாம். ஸ்டாப் பிட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. ஒன்று என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, அவை பொருந்தாதபோது காகிதத்தில் என்ன விழும் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் எண்ணம். கணினி 9600 வேகத்தில் அனுப்ப, அச்சுப்பொறி 19200 வேகத்தில் எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சுப்பொறி ஒவ்வொரு பிட்டையும் இரண்டு முறை படிக்கும். மேலே சொன்ன ‘ஏ’ எழுத்தில், ஸ்டார்ட் பிட்டின் இரண்டாம் பாதியையே அது முதல் டேட்டா பிட்டாக எடுத்துக்கொள்ளும். ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் 1-க்குப் பதிலாக 0 தென்படும். இதை ஃப்ரேமிங் பிழை என்பார்கள். பில் அச்சுப்பொறிகள் பலவும் இத்தகைய பிழை வரும்போது அந்த எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியை அச்சிடும். எனவே காகிதம் முழுவதும் கேள்விக்குறிகளும் தொடர்பற்ற குறிகளுமாக வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வேகத்தை.

இன்னொரு வகைப் பிழை இதைவிடச் சுவையானது. கணினி ஏழு பிட், இரட்டைப்படைப் பாரிட்டி என்ற அமைப்பில் அனுப்புகிறது. அச்சுப்பொறியோ எட்டு பிட், பாரிட்டி இல்லை என்ற அமைப்பில் உள்ளது. இரண்டிலும் ஓர் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட் நேரம்தான் ஆகிறது என்பதால் ஃப்ரேமிங் பிழை எதுவும் எழாது. பாரிட்டி பிட் இருந்த இடத்தை அச்சுப்பொறி எட்டாவது டேட்டா பிட்டாக எடுத்துக்கொள்ளும். 1-களின் எண்ணிக்கை ஏற்கெனவே இரட்டைப்படையாக உள்ள எழுத்துகளுக்குப் பாரிட்டி பிட் 0 என்பதால் அவை சரியாகவே அச்சாகும்; மற்றவற்றின் எண்ணோடு 128 கூடிவிடும்; அவை கட்டம் வரையும் கோடுகளாகவோ அயல்மொழி எழுத்துகளாகவோ மாறிவிடும். இலக்கங்களில் இதைப் போட்டுப் பார்த்தால் 0, 3, 5, 6, 9 ஆகியவை சரியாகவும், 1, 2, 4, 7, 8 ஆகியவை தவறாகவும் வரும். ஒரு பில்லில் விலைகளின் பாதி இலக்கங்கள் மட்டும் ஒழுங்காக இருந்து, சரியாக வருபவை எப்போதும் இந்த ஐந்துமாகவே இருந்தால், பாரிட்டியைத் திருத்தினால் போதும். வேகம், கேபிள், மின்சாரம் எதிலும் குற்றமில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

‘பொறு’ என்று சொல்லும் வழி

ஐந்தாவது விவரம், ஃப்ளோ கன்ட்ரோல் எனப்படும் ஓட்டக் கட்டுப்பாடு. வேகம், டேட்டா பிட், பாரிட்டி ஆகியவை தவறானால் முதல் பில்லிலேயே தெரிந்துவிடும். இது தவறானால் பல நாள் எல்லாம் ஒழுங்காக நடந்து, ஒரு பரபரப்பான மாலையில் நீளமான பில்லின் நடுவே சில வரிகள் காணாமல் போகும். ஆகவே தொடங்குபவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டியது இங்குதான்.

நொடிக்கு 9600 பிட் என்றால் 960 எழுத்துகள். நொடிக்கு 240 எழுத்துகள் அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஒன்றுக்கு இந்த வேகத்தில் அனுப்பினால், ஒவ்வொரு நொடியும் 720 எழுத்துகள் மிஞ்சுகின்றன. அவை அச்சுப்பொறியின் பஃபர் எனப்படும் சிறு நினைவகத்தில் காத்திருக்கும். பஃபரின் அளவு 4 கிலோபைட் என்றால் ஆறு நொடிக்குள் அது நிரம்பிவிடும். அதன் பிறகு வருவதை வைக்க இடமில்லை. தெர்மல் அச்சுப்பொறி எழுத்துகளை மிக விரைவாக அச்சிடும் என்றாலும், காகிதம் தீர்ந்துபோனாலோ மூடி திறந்திருந்தாலோ அதுவும் நின்றுவிடும். கணினி அதை அறியாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால் வரிகள் இழக்கப்படும்.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில், பஃபர் நிரம்பும் தறுவாயில் அச்சுப்பொறி 19 என்ற எண்ணுள்ள குறியைக் கணினிக்கு அனுப்பி நிறுத்தச் சொல்லும். இடம் கிடைத்ததும் 17 என்ற எண்ணுள்ள குறியை அனுப்பித் தொடரச் சொல்லும். இதற்கு எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் என்று பெயர். மற்றொன்றில், இதற்கெனவே உள்ள தனிக் கம்பி ஒன்றின் மின்னழுத்தத்தை அச்சுப்பொறி மாற்றிக் காட்டும். நேர் மின்னழுத்தம் என்றால் ‘அனுப்பலாம்’, எதிர் மின்னழுத்தம் என்றால் ‘பொறு’. அமைப்புத் திரைகளில் இது ‘ஹார்டுவேர்’ என்றோ டிடிஆர்–டிஎஸ்ஆர், ஆர்டிஎஸ்–சிடிஎஸ் என்றோ குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், தனிக் கம்பி வழியையே தேர்ந்தெடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். அச்சுப்பொறியின் மின்சாரம் அணைக்கப்பட்டிருக்கும்போது அந்தக் கம்பியில் நேர் மின்னழுத்தம் இருக்காது; ஆகவே கணினி அனுப்பாமல் காத்திருக்கும். எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் முறையிலோ, அணைந்து கிடக்கும் அச்சுப்பொறியால் ‘நிறுத்து’ என்று சொல்ல முடியாது. கணினி முழுப் பில்லையும் அனுப்பி முடித்து, வேலை நிறைவேறியதாகவே எண்ணிக்கொள்ளும்.

கேபிளில் உள்ள பொறி

அச்சுப்பொறியின் பின்புறத்தில் பெரும்பாலும் 25 துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். கணினியில் 9 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். 9 பின் வடிவம் 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியுடன் பரவியது. கணினியின் பழைய பேரலல் போர்ட்டும் 25 துளைகள் கொண்டதே என்பதால், ‘பொருந்துகிறதே’ என்று பேரலல் கேபிளை இதில் செருகிவிடக் கூடாது. இரண்டின் மின்னழுத்தங்களும் முற்றிலும் வேறு. அச்சுப்பொறியில் தொலைபேசிக்கு உள்ளதைப் போன்ற சிறு சாக்கெட் ஒன்றும் இருந்தால், அது பெரும்பாலும் பணப்பெட்டியைத் திறக்கும் 24 வோல்ட் இணைப்பாக இருக்கும். அதையும் சீரியல் என்று எண்ணிக் கணினியோடு இணைத்துவிட வேண்டாம்.

மேலே சொன்ன பூர்வகதை இங்கேதான் தலைகாட்டுகிறது. ஆர்எஸ்-232 தரநிலை முனையத்தை மோடத்துடன் இணைக்க எழுந்தது. ஒரு பக்கம் அனுப்பும் பின், மறுபக்கம் பெறும் பின்னாக இருக்குமாறு அதில் எண்கள் வகுக்கப்பட்டன. ஆனால் கணினி, பில் அச்சுப்பொறி இரண்டுமே தம்மை முனையமாகவே கருதுகின்றன. நேர்க் கேபிளைப் போட்டால் இரண்டின் அனுப்பும் கம்பிகளும் மோதிக்கொள்ளும்; பெறும் கம்பிகள் இரண்டும் வெறுமனே காத்திருக்கும். எனவே ஒன்றின் அனுப்பும் பின் மற்றதன் பெறும் பின்னோடு சேருமாறு குறுக்காக இணைத்த கேபிள் தேவை. அதை ‘நல் மோடம்’ (null modem) கேபிள் என்பார்கள். கடையில் சீரியல் பிரிண்டர் கேபிள் என்று கேட்டாலும் கிடைக்கும்.

பலரும் விழும் பொறி எண்களில் உள்ளது. 9 பின் சாக்கெட்டில் 2 என்பது பெறும் பின், 3 என்பது அனுப்பும் பின். 25 பின் சாக்கெட்டில் முனையத்துக்கு 2 என்பது அனுப்பும் பின், 3 என்பது பெறும் பின். எனவே ஒரு பக்கத்து 2-ஐ மறுபக்கத்து 2-உடனும், 3-ஐ 3-உடனும் சேர்த்தால், பார்ப்பதற்கு நேராகத் தோன்றினாலும் அதுவே குறுக்குக் கேபிள். ‘குறுக்காகத்தானே இருக்க வேண்டும்’ என்று 2-ஐ 3-உடன் சேர்ப்பவர், உண்மையில் மோடத்துக்குரிய நேர்க் கேபிளைச் செய்துவிடுகிறார். தரைக் கம்பி கணினிப் பக்கத்தில் 5, அச்சுப்பொறிப் பக்கத்தில் 7. ‘பொறு’ என்று சொல்லும் கம்பி அச்சுப்பொறிப் பக்கத்தில் 20. அதைக் கணினிப் பக்கத்தில் 6, 8 இரண்டிலும் சேர்த்துவிட்டால், மென்பொருள் எந்தக் கம்பியைக் கவனித்தாலும் செய்தி போய்ச் சேரும். கணினிப் பக்கத்து 4, அச்சுப்பொறிப் பக்கத்து 6-உடன் சேரும். இவ்வளவே போதுமானது.

கேபிள் சரியானதா என்பதை மல்டிமீட்டரால் சோதிக்கலாம். கேபிளைக் கணினியில் மட்டும் செருகிவிட்டு, மறுமுனையில் 7-க்கும் 3-க்கும் இடையே அளந்தால் −5 வோல்ட்டோ அதற்கும் கீழோ காட்ட வேண்டும். கணினியின் அனுப்பும் கம்பி ஓய்வில் எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும் என்று பார்த்தோம் அல்லவா, அது அச்சுப்பொறியின் பெறும் பின்னுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 3-இல் ஏதும் இல்லாமல் 2-இல் எதிர் மின்னழுத்தம் தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது மோடம் கேபிள்.

இன்றைய கணினிகள் பலவற்றில் சீரியல் போர்ட் இல்லாததால், யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றை இடையில் வைக்க நேரும். வாங்கும்போது அது ஆர்எஸ்-232 அடாப்டர்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்னணுப் பலகைகளில் சோதனை செய்பவர்கள் பயன்படுத்தும், 3.3 அல்லது 5 வோல்ட் மட்டுமே தரும் அடாப்டர்களும் ஏறத்தாழ அதே விலையில் விற்கப்படுகின்றன. அவை எதிர் மின்னழுத்தமே தருவதில்லை. இந்த வேலைக்கு உதவா.

அமைக்கும் முறை

முதலில் அச்சுப்பொறியிடமே அதன் நிலையைக் கேட்க வேண்டும். பெரும்பாலான பில் அச்சுப்பொறிகளில், ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் சோதனைத் தாள் ஒன்று அச்சாகும். வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஃப்ளோ கன்ட்ரோல் அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். பாட் ரேட் என்ன என்று ஊகித்து மணிக்கணக்கில் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், இந்த ஒரு தாளை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்திருப்பார்கள். விவரங்களை மாற்ற வேண்டுமானால், அச்சுப்பொறியின் அடியிலோ பின்புறத்திலோ உள்ள சிறு மூடிக்குள் டிப் சுவிட்ச் வரிசை இருக்கும். எந்தச் சுவிட்ச் எதற்கு என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதால் கையேட்டைப் பார்த்தே மாற்ற வேண்டும். சுவிட்ச் நிலையை அச்சுப்பொறி மின்சாரம் வரும் கணத்தில் மட்டுமே படிக்கும். அணைத்துவிட்டு மாற்றி, மீண்டும் போட்டு, சோதனைத் தாளை மறுபடியும் எடுத்துச் சரிபாருங்கள்.

அடுத்து கணினி. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம்1, காம்3 என்பன போன்ற பெயர்கள் இருக்கும். அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் எந்தப் பெயர் மறைந்து தோன்றுகிறதோ அதுவே நமது போர்ட். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இன்னும் நிறுவப்படவில்லை என்று பொருள். அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் செட்டிங்ஸ் என்ற பகுதியைத் திறந்தால், இதுவரை பார்த்த ஐந்து விவரங்களும் ஐந்து பெட்டிகளாக நிற்கும். சோதனைத் தாளில் உள்ளவாறே அவற்றை நிரப்ப வேண்டும். அச்சுப்பொறியை விண்டோஸில் சேர்க்கும்போது இதே காம் போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தயாரிப்பாளரின் டிரைவர் கிடைக்காவிட்டால், எழுத்துகளை மட்டும் அச்சிட விண்டோஸிலேயே உள்ள ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவர் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். டிவைஸ் மேனேஜரில் நாம் வைப்பது இயல்பு மதிப்பு மட்டுமே. பில் போடும் மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது தன்னுடைய அமைப்பில் உள்ள வேகத்தை அதன் மேல் எழுதிவிடலாம். எனவே மென்பொருளின் அமைப்புப் பக்கத்திலும் அதே விவரங்களைக் கொடுக்க வேண்டும். மேலும், ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரலால்தான் திறக்க முடியும். சோதனைக்காகத் திறந்த டெர்மினல் நிரலை மூடாமல் விட்டுவிட்டால், பில் மென்பொருள் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பிழையைக் காட்டும்.

பட்டி, டெரா டெர்ம் போன்ற டெர்மினல் நிரல் ஒன்றில் போர்ட்டைத் திறந்து, நான்கைந்து எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பதே நல்ல சோதனை. என்டர் விசையை அழுத்தினால் பெரும்பாலும் கேரேஜ் ரிட்டர்ன் குறி மட்டுமே செல்லும். பில் அச்சுப்பொறிகள் பல அதைப் பொருட்படுத்தாமல் வரியை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் லைன் ஃபீட் குறி சென்று, காத்திருந்த வரி அச்சாகிவிடும். ஒன்றுமே வராவிட்டால், ஃப்ளோ கன்ட்ரோலைத் தற்காலிகமாக ‘நன்’ (None), அதாவது எதுவும் இல்லை, என்று மாற்றி முயலுங்கள். அப்போது அச்சானால், குறை ‘பொறு’ கம்பியில் உள்ளது. அப்போதும் வராவிட்டால் கேபிளைக் கழற்றி, கணினிப் பக்கத்தின் 2, 3 பின்களை ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தோன்றினால் கணினியும் அடாப்டரும் நலம். தேட வேண்டியது கேபிளிலும் அச்சுப்பொறியிலும்தான்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு, அடாப்டர் வழியான போர்ட் டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயரில் சாதனக் கோப்பாகத் தெரியும். எஸ்டிடிஒய் என்ற கட்டளையால் அதே ஐந்து விவரங்களையும் அமைக்கலாம். டெபியன், உபுண்டு வகைகளில் பயனரை டயல்-அவுட் என்ற குழுவில் சேர்த்தால்தான் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்கும்.

தமிழில் பில் அச்சிட

ஆங்கிலத்தில் எல்லாம் ஒழுங்காக வந்த பிறகு, பொருள்களின் பெயர்களைத் தமிழில் அச்சிட முயன்று மீண்டும் குழம்புபவர்கள் உண்டு. விளங்காத குறிகள் வந்தவுடன் பாட் ரேட்டை மாற்றத் தொடங்குவார்கள். அது வீண் முயற்சி. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்களாகச் செல்கிறது. அவற்றில் முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. பில் அச்சுப்பொறிகளில் இயல்பாக இருக்கும் 437 என்ற எழுத்து அட்டவணையில் 224 என்பது கிரேக்க ஆல்பா. 174, 175 ஆகியவை இடமும் வலமும் நோக்கிய இரட்டைக் கோண மேற்கோள் குறிகள். ஆகவே ஆல்பாவும் கோணக் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பிட்கூடப் பிசகாமல் தரவு வந்து சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். அச்சுப்பொறிக்குத் தமிழ் எழுத்துரு தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமான தீர்வு, தமிழ் வரிகளைக் கணினியே படமாக்கி அனுப்புவது. தயாரிப்பாளரின் விண்டோஸ் டிரைவர்கள் இதைத் தாமே செய்துவிடும். ஆனால் படம் என்றால் தரவின் அளவு பெருகும். வரிக்கு 576 புள்ளிகள் அச்சிடும் 80 மில்லிமீட்டர் அச்சுப்பொறியில், ஒரு புள்ளி வரிசைக்கு 72 பைட் ஆகும். மில்லிமீட்டருக்கு எட்டு வரிசை என்ற கணக்கில், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பில்லுக்கு 800 வரிசைகள், 57,600 பைட்கள். அதை 9600 வேகத்தில் அனுப்பினால் ஒரு நிமிடம் முழுவதும் ஆகும். வாடிக்கையாளர் பையை எடுத்துக்கொண்டு காத்து நிற்பார். அச்சுப்பொறியும் அடாப்டரும் 115200 வேகத்தை ஏற்கும் என்றால், அதே பில் ஐந்து நொடியில் சென்றுவிடும். அந்த வேகத்துக்கு மாற்றும்போது ஓரிரு மீட்டருக்கு மேற்படாத கேபிளைப் பயன்படுத்துங்கள். ஃப்ளோ கன்ட்ரோலை ஹார்டுவேர் என்று வைத்து, மூடியைத் திறந்துகொண்டு ஒரு நீளமான பில்லை அனுப்பி, சில நொடி கழித்து மூடிப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து ஒரு வரிகூடக் குறையாமல் பில் தொடர்ந்தால், ‘பொறு’ என்ற சொல் கணினிக்குக் கேட்டிருக்கிறது.